ஆயாவோட மாத்திரைப் பையில் ஒரு மெட்ராஸ் மாணவர்

போன மார்கழியில எங்க ஆயாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். ஊர் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமி அன்னைக்கு வந்திருந்தீங்கன்னா எங்க ஊர் உங்களுக்குத் தெரியும். இல்லைன்னா ஸ்கூல் டூர்ல கல்மரப் பூங்காவுக்கு வந்து, ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தின மரத்து மேல உட்கார்ந்து வாட்ச்மேன்கிட்ட திட்டு வாங்கியிருப்பீங்க. ஆயாவுக்கு வந்தது நிமோனியா. நுரையீரல்ல கிருமித் தொற்று. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம்.

வீட்டுக்குக் கிளம்புற அன்னைக்கு மாத்திரைப் பை என் கைக்கு வந்துச்சு. இங்கிலீஷ் மீடியம் படிச்ச பேரப்பிள்ளைக்கு வீட்டுல இதுதான் பெரிய பதவி. உள்ளே மூணு அட்டை. ஒண்ணு டாக்சிசைக்ளின், நிமோனியாவுக்காக இன்னும் சில நாள் போடணும். ரெண்டாவது ஃபோலிக் ஆசிட், ரத்தம் கம்மியா இருக்குன்னு கொடுத்தது. மூணாவது பழைய அட்டை, வீட்டுல இருந்தே வந்தது: பான்டோபிரசோல். எங்க ஊர் மொழியில கேஸ் மாத்திரை. அதை இனிமே வேண்டாம்னு டாக்டர் பேனாவால அடிச்சு விட்டிருந்தார்.

பில் கட்டுற கியூவுல நின்னுக்கிட்டே மூணு பேரையும் போன்ல தேடினேன். மூணும் வேற வேற கதை. ஆனா ஒவ்வொரு கதையையும் பின்னாடியே போனா ஒரே ஆள் வந்து நிக்கிறார். நம்ம சென்னையில படிச்சவர். மெட்ரிகுலேஷன்ல ரெண்டு தடவை ஃபெயில் ஆனவர். பேர் எல்லப்பிரகட சுப்பாராவ். இந்த இதழ்ல அவரைப் பத்தித்தான் எழுதப் போறேன். அரியர் வச்சிருக்கிறவங்க கொஞ்சம் கவனமா படிங்க.

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12, பீமவரத்தில். இன்னைக்கு அது ஆந்திரா, அன்னைக்கு மெட்ராஸ் மாகாணம். ஏழு பிள்ளைகளில் நாலாவது. அப்பா வருவாய்த்துறையில் சின்ன வேலையில் இருந்து, உடம்பு முடியாமல் சீக்கிரமே வேலையை விட்டவர். வீட்டில் காசு இல்லை. பதிமூணு வயசில் பையன் ஒரு பிசினஸ் பிளான் போட்டான்: காசிக்குப் போய் யாத்திரைக்காரர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிப்பது. வீட்டை விட்டு ஓடவும் செய்தான். வழியிலேயே பிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அதுக்கப்புறம் படிப்பு. ஒரு தடவை ஃபெயில், இன்னொரு தடவை ஃபெயில். நடுவில் அப்பாவும் இறந்துபோனார். அம்மா வெங்கம்மா நகையை விற்றுப் பணம் கட்டி, பையனை மெட்ராஸுக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூணாவது தடவை மெட்ரிக் பாஸ் ஆனார். பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். கடற்கரைக்கு எதிரே, இன்னைக்கும் அதே கட்டிடம்தான். அடுத்தது என்ன என்ற கேள்வி வந்தபோது ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசி ஆகிவிடலாம் என்று நினைத்தார். அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் 1915ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

அங்கே நடந்ததை நம்ம காலேஜ் பாஷையில சொன்னா, இன்டர்னல் மார்க்ல கை வச்சுட்டாங்க. காந்தி அந்நியத் துணியை விடச் சொன்ன காலம். சுப்பாராவ் கதர்த் துணியில் அறுவை சிகிச்சை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகள் நன்றாகவே எழுதியும், முழு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கையில் வந்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயற்சி செய்தார், அதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுக்கும் வேலையில் சேர்ந்தார்.

இந்த வருஷங்களில்தான் அவரை மாற்றிய விஷயம் ஒன்று நடந்தது. அவருடைய அண்ணனும் தம்பியும் குறுகிய இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. வெப்ப நாடுகளில் வரும் குடல் நோய். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, வயிற்றோட்டம் நிற்காது, ரத்தம் வற்றி ஆள் உருகிப்போவார். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். கூடப்பிறந்தவர்கள் போய், தான் மட்டும் மிச்சம். ஏன் என்று சொல்ல அன்றைக்கு எந்த வைத்தியத்திலும் விடை இல்லை.

1922 அக்டோபரில் பாஸ்டன் போய் இறங்கினார். மாமனார் பண உதவி செய்தார், மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் கை கொடுத்தது. ஊரில் விட்டுவிட்டு வந்தது கர்ப்பமான மனைவி சேஷகிரியை. சில வருஷத்தில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். பிறந்த மகனை அவர் பார்க்கவே இல்லை. குழந்தைப் பருவத்திலேயே அந்தப் பிள்ளை இறந்துபோனது. அவர் கடைசிவரை ஊர் திரும்பவும் இல்லை. இதை நான் பெருமையா சொல்லலை. அந்தம்மா இங்கே காத்திருந்த வருஷங்களுக்கு எந்த விருதும் ஈடு ஆகாது. வாழ்க்கைக் கதைன்னா இதையும் சேர்த்துத்தான் எழுதணும்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வெப்பமண்டல மருத்துவ டிப்ளமா படித்தார். செலவுக்கு ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலை. நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவுவது உள்பட எல்லாம் செய்தார். பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் உயிர்வேதியியல் லேபில் இடம் கிடைத்தது.

இங்கே இருந்துதான் நம்ம கேஸ் மாத்திரைக் கதை ஆரம்பிக்குது. கொஞ்சம் டெக்னிக்கலா போகும், பரவாயில்லையா?

ஃபிஸ்க்கும் சுப்பாராவும் 1925ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ரத்தத்திலோ சிறுநீரிலோ பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. மாதிரியில் சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீலம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். பயோகெமிஸ்ட்ரி படிக்கிற உங்க ஃபிரெண்டைக் கேட்டுப் பாருங்க, ஃபிஸ்க்-சுப்பாராவ் முறைன்னா தெரியும்.

அதே சோதனையைத் தசைச் சாற்றில் செய்தபோது ஒரு சிக்கல். நீலம் உடனே வரவில்லை, மெதுமெதுவாக ஏறிக்கொண்டே போனது. நம்ம லேப்ல இப்படி வந்தா என்ன செய்வோம்? பக்கத்து பேட்ச் ரீடிங்கை வாங்கி எழுதிட்டுக் கிளம்பிடுவோம். அவர்கள் ஏன் என்று தோண்டினார்கள். தசையில் இருந்த ஏதோ ஒரு பொருள், சோதனைக்காகச் சேர்த்த அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து பாஸ்பேட்டை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அதுதான் பாஸ்போகிரியேட்டின். 1927ல் அறிவித்தார்கள். அதே வழியில் போய் 1929ல் ஏடிபியைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதே வருஷம் அதைக் கண்டுபிடித்தார்.

ஏடிபின்னா நம்ம செல்லுக்கு டீசல். தசை இழுக்கிறதுக்கும் நரம்பு வேலை செய்யுறதுக்கும் அதுதான் எரிபொருள். வயித்துல அமிலம் சுரக்கிறதுக்கும் அதேதான். நம்ம இரைப்பைச் சுவர்ல இருக்கிற சில செல்கள்ல கோடிக்கணக்கான குட்டிக் குட்டி பம்புகள் இருக்கு. ஒரு சுத்துக்கு ஒரு ஏடிபியை எரிச்சு, ஹைட்ரஜன் அயனியை இரைப்பைக்குள்ளே தள்ளும், பதிலுக்குப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ரத்தத்துல இருக்கிற அமிலத்தன்மையைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேலே கூட்டுற பம்பு இது. எந்த மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் பம்பையும் இதுக்குப் பக்கத்துல நிறுத்த முடியாது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் எல்லாம் செய்யுறது இந்த பம்பைப் பூட்டு போட்டுப் பூட்டுறதுதான். பூட்டின பம்பு திறக்காது. உடம்பு புது பம்பு செஞ்சு வைக்கிற வரைக்கும் அமிலம் குறைஞ்சேதான் இருக்கும்.

அமிலம் எதுக்கு இருக்கு? சோறு செரிக்கன்னு சொல்லுவீங்க. அது பாதிதான். இன்னொரு பாதி, அது வாசல் காவல். சாப்பாட்டோடயும் தண்ணியோடயும் உள்ளே வர்ற கிருமியில பெரும்பகுதி அந்த அமிலத்துலயே செத்துடும்.

காவல் இல்லாத வயிறு எப்படி இருக்கும் என்று சுப்பாராவின் காலத்து மருத்துவர்களுக்குத் தெரியும். பெர்னிஷியஸ் அனீமியா என்று ஒரு ரத்தசோகை. அந்த நோயாளிகளின் இரைப்பையில் அமிலமே சுரக்காது. ரத்தம் குறையும், நரம்பு கெடும், கடைசியில் ஆள் இறந்துபோவார். ஈரல் சாப்பிட்டால் பிழைக்கிறார்கள் என்று 1920களில் கண்டுபிடித்திருந்தார்கள். ஈரலில் இருக்கும் அந்த மருந்துப் பொருள் எது? 1930ல் பிஎச்.டி. வாங்கிய சுப்பாராவ் அடுத்த பத்து வருஷம் அதைத் தேடினார். ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. 1940ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவுக்கே இயக்குநர் ஆனார்.

அடுத்த எட்டு வருஷம் நடந்ததைப் பார்த்தால் ஒரு ஆள் செய்த வேலை மாதிரியே இருக்காது. அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை; அது ஒரு பெரிய டீம்.

1945ல் அவருடைய குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. பெர்னிஷியஸ் அனீமியாவுக்கு அது முழு மருந்தாக அமையவில்லை. ரத்தம் ஏறியது, ஆனால் நரம்புக் கேடு நிற்கவில்லை. அதுக்கான உண்மையான மருந்து பி12 என்று 1948ல் வேறு குழுக்கள் கண்டுபிடித்தன. ஆனால் ஃபோலிக் ஆசிட் வேறொரு நோய்க்கு அருமையாக வேலை செய்தது. எது தெரியுமா? ஸ்ப்ரூ. அவருடைய அண்ணனையும் தம்பியையும் கொண்டுபோன அதே ஸ்ப்ரூ. இருபது வருஷத்துக்கும் மேல் தாமதம், இரண்டு பேருக்கும் உதவாது. ஆனால் விடை கிடைத்துவிட்டது.

அதே ஃபோலிக் ஆசிட்டின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி, அதுக்கு எதிராக வேலை செய்கிற அமினோப்டெரின் என்ற மருந்தைச் செய்தார்கள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதுவரை ஒரு வழியும் இல்லாத நோயில், சில குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நோய் பின்வாங்கியது. இன்றைய மெத்தோட்ரெக்ஸேட் இதன் நெருங்கிய சொந்தம். 1947ல் யானைக்கால் புழுவுக்கு டிஇசி மாத்திரை. நம்ம பக்கத்து கிராமங்கள்ல நர்ஸக்கா வீடு வீடா வந்து, கண்ணு முன்னாடியே முழுங்கச் சொல்லுவாங்களே, அதேதான்.

கடைசியாக ஆரியோமைசின். பெஞ்சமின் டகர் என்ற தாவரவியல் பேராசிரியர் எழுபது வயசுக்கு மேல் ஓய்வு பெற்று உட்கார்ந்திருந்தார். அவரை லெடர்லிக்கு வேலைக்கு எடுத்தார்கள். ஊர் ஊராக மண் வரவழைத்து, அதில் கிருமியைக் கொல்லும் நுண்ணுயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மிசௌரி பல்கலைக்கழக வயல் ஒன்றின் மண்ணில் தங்க நிறத்தில் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து வந்ததுதான் முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்து. பென்சிலினுக்கு மசியாத சில நிமோனியாக்களுக்கும் அது வேலை செய்தது. 1948 ஜூலையில் அறிவிப்பு. அந்தக் குடும்பத்தில் 1960களில் வந்ததுதான் எங்க ஆயா பையில இருந்த டாக்சிசைக்ளின்.

அறிவிப்பு வந்து சில வாரம்தான். 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். வயசு 53. இருபத்தாறு வருஷம் அங்கே இருந்தும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை. நோபல் பரிசு கிடைக்கவில்லை. நம்ம அரசு 1995ல், பிறந்து நூறு வருஷம் ஆனபோது, ஒரு தபால்தலை வெளியிட்டது.

இப்போ ஆயாவோட மூணாவது அட்டைக்கு வர்றேன்.

அது எப்படி வீட்டுக்கு வந்துச்சு? மூணு வருஷத்துக்கு முன்னாடி மூட்டு வலிக்கு மாத்திரை கொடுத்தாங்க. வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும்னு கூடவே கேஸ் மாத்திரை. சரியான மருத்துவம்தான். ரெண்டு மாசத்துல வலி மாத்திரையை நிறுத்தியாச்சு. கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோணலை. அட்டை தீர்ந்தா பழைய அட்டையைக் காட்டி மெடிக்கல்ல புது அட்டை வாங்கிடுவோம். வாங்கிட்டு வந்தது பல தடவை நான்தான்.

அமிலம் குறைஞ்சா வயித்துல கிருமி பெருகலாம். வயசானவங்களுக்குத் தூக்கத்துல வயித்துல இருக்கிறது கொஞ்சம் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போகலாம். அப்படிப் போனா கிருமி நுரையீரலுக்குள்ள வந்துடும். இது கேட்க நல்ல லாஜிக். ஆனா லாஜிக் வேற, ரீடிங் வேற.

2004ல் நெதர்லாந்தில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. இந்த மாத்திரையை அப்போது எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு, எடுத்து நிறுத்தியவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிறகு வந்த பல ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. ஆனால் 2019ல் இதய நோயாளிகள் சுமார் 17,600 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு பான்டோபிரசோல், மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை என்று சுமார் மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு வந்தது. நிமோனியாவில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

ரெண்டு ரீடிங் ஏன் ஒத்துப்போகலை? ஒரு காரணம் இப்படி இருக்கலாம்: பதிவுகளில் பார்க்கும்போது, இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் ஏற்கெனவே உடம்பு முடியாதவர்கள். நிமோனியா அவர்களைத் தேடி வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயாவுக்கும் அப்படித்தான். வயசு எழுபத்தி மூணு, சர்க்கரை இருக்கு, எங்க ஊர்ப் பக்கம் கல் குவாரித் தூசி வேற. மாத்திரையாலதான் வந்துச்சான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதுன்னு அவர் நேர்மையா சொல்லிட்டார். ஆனா இவங்களுக்கு இது இப்போ எதுக்குன்னு அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். என்கிட்ட பதில் இல்லை. மூணு வருஷமா வாங்கிக் கொடுத்த எனக்கே தெரியலை.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. நம்ம ஹாஸ்டல்லயே எத்தனை பேர் தலையணைக்கு அடியில இந்த அட்டை இருக்கு? மெஸ் பூரிக்கு ஒண்ணு, ராத்திரி பரோட்டாவுக்கு ஒண்ணு, பிளேஸ்மென்ட் டென்ஷனுக்கு ஒண்ணு. இது மோசமான மருந்துன்னு நான் சொல்லவே இல்லை. அல்சர் இருக்கிறவங்களுக்கும், ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்குற மருந்து சாப்பிடுற வயசானவங்களுக்கும் இது உயிர் காக்குற மாத்திரை. அவங்க இதைப் படிச்சுட்டு நிறுத்திடக் கூடாது. ரொம்ப நாள் சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தினா அமிலம் முன்னைவிட அதிகமா பொங்கும், அப்போ மாத்திரை இல்லாம முடியாதுன்னு தோணும். அதனால டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா குறைக்கணும். வருஷக்கணக்கா சாப்பிடுறவங்களுக்கு பி12 குறையவும் வாய்ப்பு இருக்கு. சாப்பாட்டுல இருந்து அதைப் பிரிச்சு எடுக்கவும் அமிலம் வேணும்.

ஒரே ஒரு வேலை செய்யுங்க. இந்த வாரம் ஊருக்குப் போறப்போ தாத்தா பாட்டியோட மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க. ஒவ்வொரு அட்டைக்கும் எதுக்கு, எப்போ ஆரம்பிச்சது, எப்போ வரைக்கும்னு எழுதுங்க. மூணாவது கட்டம் காலியா இருந்தா, அந்த அட்டையை எடுத்துக்கிட்டுப் போய் டாக்டரைக் கேளுங்க. மெடிக்கல்ல கேட்காதீங்க.

ஆயா இப்போ நல்லா இருக்காங்க. கேஸ் மாத்திரை நின்னு நாலு மாசம் ஆச்சு. முதல் ரெண்டு வாரம் நெஞ்செரிச்சல்னு என்னைத் திட்டித் தீர்த்தாங்க. இப்போ ராத்திரி சாப்பாட்டை ஏழு மணிக்கே முடிச்சுட்டு, திண்ணையில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுத்தான் படுக்கிறாங்க. சுப்பாராவ் கதையை அவங்ககிட்டயும் சொன்னேன். ஏடிபி, ஃபோலிக் ஆசிட் எதுவும் அவங்களுக்கு முக்கியமா படலை. அந்தப் பொண்டாட்டி என்ன ஆனான்னுதான் கேட்டாங்க.